சொன்னான், சொன்னாரு

பறை என்ற சொல்லுக்குப் பேச்சு என்று ஒரு பொருள் உண்டு. இதை இன்றைக்கு நம் மேடைகளில் சொல்லாத ஆள் இல்லை. பறையாட்டக் குழு மேடை ஏறியதும், முதல் அடிக்கு முன்னால் ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொல்வது இதுதான்: பறைன்னா வெறும் கருவி இல்லை தோழர்களே, பறைதல்னா பேசுதல், மலையாளத்துல இன்னைக்கும் அப்படித்தான், அப்போ பறையர்னா யாரு, பேசினவங்க. கைதட்டல். அப்புறம் அடி விழும்.

நானும் கைதட்டுகிறவன்தான். அடி விழுந்தால் எனக்கும் கால் நிற்காது. ஆனால் கைதட்டலோடு விஷயம் முடிந்துபோவதில்தான் தகராறு. சொல்லின் வேரைத் தோண்டி எடுத்துக் காட்டினால் மானம் திரும்பி வந்துவிடும் என்று நாம் நம்ப ஆரம்பித்துவிட்டோம். வேரைத் தோண்டுகிற வேலையை நமக்கு முன்னாலேயே பெரியவர்கள் செய்து முடித்துவிட்டார்கள். சாதி உட்கார்ந்திருக்கிற இடம் வேறே.

முதலில் கணக்கைச் சரியாக வைப்போம். பேசு என்பதற்குத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. சொல், கூறு, உரை, மொழி, செப்பு, இயம்பு, பகர், நவில், நுவல், விளம்பு, புகல், கிளத்து, சாற்று, அறை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இதில் அறை என்பதற்குச் சொல்லு என்றும் அர்த்தம், முரசை அடி என்றும் அர்த்தம், கன்னத்தில் விடு என்றும் அர்த்தம். மூன்றில் நமக்கு எது அதிகம் கிடைத்தது என்று தனியாக எழுதவேண்டாம். இந்த வரிசையில் பறையும் நிற்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் பறைதல் என்றால் சொல்லுதல் என்றே பொருள் தருகிறது. மலையாளத்தில் எல்லாச் சாதியும் வீட்டுக்குள் புழங்குகிற சொல் பறயுக. கன்னியாகுமரிப் பக்கம் பறைஞ்சான் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் சும்மா பறையாதை என்றால் வீண்பேச்சுப் பேசாதே. எங்கள் செங்கல்பட்டுப் பக்கம் மட்டும் இந்த வினைச்சொல் யார் வாயிலும் இல்லை. இங்கே பறைன்னா மேளம், அப்புறம் சாதி. நடுவிலிருந்த பேச்சு எங்கேயோ உதிர்ந்துபோச்சு.

பழைய இலக்கியத்தில் அந்த மேளமும் இழிவாக இல்லை. தொல்காப்பியம் திணைகளுக்குக் கருப்பொருள் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவையோடு பறையையும் சேர்த்துத்தான் சொல்கிறது. மாங்குடி கிழார் புறநானூற்றில் குடிகளை எண்ணும்போது துடியன், பாணன், கடம்பன் கூடப் பறையனையும் எண்ணுகிறார். அந்தப் பாட்டில் அவன் ஊருக்கு வெளியே நிற்கவில்லை.

பெயர் எங்கிருந்து வந்தது என்ற சண்டையும் புதுசு இல்லை. கால்டுவெல் மேளத்திலிருந்து வந்தது என்றார். அயோத்திதாசப் பண்டிதர் வேறே வழி போனார். பறைதல் என்றால் சொல்லுதல், வேஷப் பிராமணர்களின் பொய்யை ஊரறியச் சொன்ன பௌத்தர்களைத்தான் பறையர் என்று இழித்தார்கள் என்பது அவர் வாதம். இன்றைக்கு மைக்கைப் பிடிக்கிற தம்பி நடப்பது பண்டிதர் போட்ட பாதையில்தான். 1907-ல் அவர் ஒரு பைசாத் தமிழன் பத்திரிகையை ஆரம்பித்தவர். ஒன்றைக் கவனிக்கணும். மூலத்தை இப்படிச் சொன்ன அதே பண்டிதர் அந்தப் பெயரை ஏற்றுக்கொள்ளவில்லை. பூர்வ பௌத்தர் என்று சொல்லச் சொன்னார். அவருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன், நம்ம செங்கல்பட்டு ஜில்லாக் கோழியாளத்துக்காரர், நேர் எதிர். 1893-ல் பத்திரிகை ஆரம்பித்தபோது அதற்குப் பறையன் என்றே பெயர் வைத்தார். எந்தச் சொல்லைச் சொல்லி விரட்டினானோ அதே சொல்லைக் காசு கொடுத்துக் கேட்டு வாங்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அதற்குப் பிறகு பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா. 1922-ல் சட்டசபையில் பேசி, பறையர், பஞ்சமர் என்ற சொற்களை எடுத்துவிட்டு ஆதிதிராவிடர் என்று அரசாங்கக் காகிதத்தில் போடவைத்தார்.

ஒருவர் பெயரை உதறினார், ஒருவர் பெயரைக் கொடியாகப் பிடித்தார், ஒருவர் பெயரை மாற்றினார். மூன்றும் தேவைப்பட்டது. மூன்றுமே பெயர்ச்சொல்லோடு போட்ட மல்லுக்கட்டு. வினைச்சொல் அது பாட்டுக்கு அப்படியே இருந்தது.

எங்க ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் கடலுக்கும் நடுவில். தாத்தா வெட்டியான் வேலை பார்த்தவர். எழுபது வயசில் அவரைப் பற்றி ஊர்த்தெருத் திண்ணையில் பேச்சு வந்தால், 'கெழவன் சொன்னான்'. அதே திண்ணையில் பத்து வயசுப் பையனைப் பற்றிப் பேசினால், 'சின்னவரு சொன்னாரு'. சொல் என்ற பகுதி ரெண்டிலேயும் ஒண்ணுதான். பள்ளிக்கூடத்தில் பகுபதத்தைப் பிரிக்கச் சொல்வார்களே, பகுதி, விகுதி, இடைநிலை என்று. பிரித்துப் பாருங்கள். பகுதியில் சாதி இல்லை. அது விகுதியில் இருக்கு. ஆன் ஒரு தெரு, ஆர் ஒரு தெரு. சொல்லைப் பறை என்று மாற்றி 'கெழவன் பறைஞ்சான்' என்று சொன்னாலும் தாத்தா அதே இடத்தில்தான் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருப்பார்.

பாமா 1992-ல் வந்த கருக்கில், நேற்றுப் பிறந்த மேல்சாதிப் பிள்ளை தன் பாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதையும் பாட்டி அதை ஐயா என்று அழைத்ததையும் எழுதியிருக்கிறார். அது தெற்குச் சீமைக் கதை. இங்கே ஐயா இருந்த இடத்தில் ஆண்டே இருந்தது. வேறே வித்தியாசம் இல்லை.

சாதிப் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். முதலியார், ரெட்டியார், செட்டியார், நாயக்கர். பெயருக்குள்ளேயே ஆரும் அரும் ஏறி உட்கார்ந்துகொண்டன. முதலி என்று மொட்டையாகச் சொன்னால் வெட்டுக்குத்து. நமக்கு? 1950-ஆம் வருசத்துப் பட்டியல் சாதிகள் ஆணையை எடுத்துத் தமிழ்நாட்டுப் பகுதியைப் படியுங்கள். பறையன், பள்ளன், சக்கிலியன், வள்ளுவன், குறவன். குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் 'ன்'. அதைப் பார்த்துத் தாசில்தார் கொடுக்கிற சான்றிதழிலும் 'ன்'. தேவேந்திரகுலத்தான், குடும்பன், பள்ளன், பண்ணாடி என்று ஏழு பெயராகக் கிடந்ததைத் தேவேந்திரகுல வேளாளர் என்று ஒன்றாக்க 2021-ல் பாராளுமன்றம் ஒரு சட்டத்தையே நிறைவேற்றவேண்டியிருந்தது. ஒரு 'ர்' வாங்க டெல்லி வரைக்கும் போகணும்.

அந்த ஆர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. அது பன்மை. ஒருத்தரைப் பல பேராக எண்ணிச் சொல்வதுதான் மரியாதை. தொல்காப்பியரே இது வழக்கில் உயர்த்திச் சொல்வது, முறையான இலக்கணம் ஆகாது என்கிறார். ஆக, ஊர்ப் பெரியவர் ஒருத்தர் நடந்து வந்தால் பல பேர் வருகிற கணக்கு. சேரியே திரண்டு வந்து நின்றால் என்ன கணக்கு? 'வந்திருக்கானுங்க.' ஆனுங்க. ஒருமைக்கு உள்ள அவமரியாதையை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் பன்மையை ஒட்டி ஒரு விகுதி. தொல்காப்பியத்திலேயும் நன்னூலிலேயும் தேடினால் கிடைக்காது. தெருவில் தினமும் கிடைக்கும்.

இலக்கணம் அப்பாவி என்று நினைக்கவும் வேண்டாம். கேட்பதற்கு மூன்று சொல் வைத்திருக்கிறது: ஈ, தா, கொடு. தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்டால் ஈ. சமமானவன் கேட்டால் தா. உயர்ந்தவன் கேட்டால் கொடு. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் இருக்கிறது, பின்னால் நன்னூலிலும் இருக்கிறது. புலவர்கள் இதை வகுப்பில் நடத்தும்போது சொல்வளம் என்று பாராட்டுவார்கள். கை நீட்டுகிறவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எந்தச் சொல் அவனுக்கு அளந்து வைத்திருக்கு என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது மேளத்துக்கு வருவோம். பறை அடித்தவன் பேசினவன் என்கிறோம். தண்டோரா போட்டவனை நினைத்துப் பாருங்கள். கிராமத்தில் வரி கட்டச் சொல்ல, ஏலம் சொல்ல, ஏரி மதகு திறப்பதைச் சொல்ல, நம்ம ஆள்தான் தெருத்தெருவாகப் போவான். டம் டம் என்று அடித்துவிட்டு என்ன சொல்வான்? இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால். வாக்கியத்தைப் பாருங்கள். எழுவாய் கிடையாது. தெரிவிப்பது யார்? குரல் அவனுது, தொண்டை அவனுது, அடிக்கிற கை அவனுது. சேதி தாசில்தாருது, மணியக்காரருது. எழவு சொல்லப் போனதும் அப்படித்தான். ஊர்க்காரர் வீட்டுச் சாவை உறவுக்காரர் ஊருக்கெல்லாம் வெயிலில் நடந்துபோய்ச் சொல்லிவிட்டு, வாசலுக்கு வெளியே நின்று குடிக்கத் தண்ணி கேட்டவன் அவன். ஊரிலேயே அதிகமாகப் பேசினவன் அவன்தான். அவன் சொந்தப் பேச்சு ஒரு வார்த்தை அதில் இல்லை. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதித் தண்டோராவை நிறுத்தச் சொன்னார். வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்றார். நல்ல காரியம், தாமதமாக வந்தாலும். ஆனால் அந்த ஆளின் வாயை ஊர் எத்தனை தலைமுறை வாடகை இல்லாமல் வைத்திருந்தது என்பதையும் சேர்த்து எழுதவேண்டாமா? பறை என்றால் பேச்சு என்று கைதட்டும்போது இந்தக் கணக்கு விட்டுப்போகிறது.

தொண்ணூறுகளில் நம்ம ஆட்கள் பறையடிக்க மாட்டோம் என்று ஊர் ஊராக நின்றதும், இன்னொரு பக்கம் பறையை விடுதலைக் கருவி என்று மேடையேற்றியதும் ஒன்றுக்கொன்று எதிர் என்று சில தோழர்கள் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர்ச் சாவுக்கு அடிப்பதில்லை, நம்ம மேடையில் அடிப்போம். எதை அடிக்கிறோம் என்பதைவிட அடிக்கச் சொன்னது யார் என்பதுதான் விசயம்.

என் வாதத்துக்கு எதிராக ஒருத்தர் கேரளத்தைக் காட்டலாம். காட்டட்டும், அது நானே காட்டவேண்டிய இடம். மலையாளத்தில் பறை என்ற வினை உயிரோடு இருக்கு. அது மட்டுமா, மலையாள வினைக்கு விகுதியே கிடையாது. அவன் பறஞ்ஞு, அவர் பறஞ்ஞு, எல்லாத்துக்கும் ஒரே பறஞ்ஞு. என் கணக்குப்படி அங்கே சாதி குடியேற இடமே இருந்திருக்கக்கூடாது. நடந்தது என்ன? திருவிதாங்கூரில் ஊழியம் செய்த சாமுவேல் மேட்டீர் எழுதிவைத்திருக்கிறார்: புலையர் நான் என்று சொல்லக்கூடாது, அடியன் என்று சொல்லணும். தன் சோற்றைச் சோறு என்று சொல்லக்கூடாது, கரிக்காடி என்று சொல்லணும். பேசும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்ளணும், மூச்சு எதிரே நிற்கிறவர்மேல் படக்கூடாது. பறை என்ற பெருமைமிக்க சொல்லையும் வைத்துக்கொண்டு, விகுதியும் இல்லாமல், எந்த ஊரிலேயும் இல்லாத கொடுமையைப் பேச்சுக்குள் வைத்திருந்தார்கள். வினையில் இடம் கிடைக்கவில்லை என்றதும் சாதி பெயரில் போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணி மாதிரி, எங்கே பள்ளமோ அங்கே. ஆகவே விகுதியை மட்டும் மாற்றினால் போதும் என்று நான் சொல்லவரவில்லை. வேரைக் காட்டிக் கைதட்டு வாங்குவதைவிட, இன்றைக்கு எந்தப் பள்ளத்தில் நிற்கிறது என்று பார்ப்பது உபயோகமான வேலை என்கிறேன்.

இன்றைக்கு நிற்கிற பள்ளங்களில் ஒன்று பத்திரிகை. மந்திரி அறிவித்தார், கலெக்டர் தெரிவித்தார், பேராசிரியர் உரையாற்றினார், சங்கத்தலைவர் வலியுறுத்தினார். நாம்? கூச்சலிட்டனர், கோஷமிட்டனர், வாக்குவாதத்தில் ஈடுபட்டனர். பெண்களாக இருந்தால் கதறி அழுதனர். நிகண்டில் அத்தனை சொல் இருந்தும் நமக்கு ஒதுக்கினது இந்த நாலுதான். ஒரு நாள் முழுக்கத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று பட்டா எண், சர்வே எண் எல்லாம் ஒப்பித்த பெண்ணைப் பற்றி மறுநாள் செய்தியில் 'கண்ணீர் மல்க முறையிட்டார்' என்று போட்டிருந்தது. சர்வே எண் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்று ஆபீஸ் கவுன்டர். நான் பாங்கில் எழுத்தர், அதனால் இதைக் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளேயிருந்தே பார்க்கிறேன். வெள்ளைச் சட்டை வந்து நின்றால் 'சொல்லுங்க சார்'. கிழிந்த துண்டோடு, சேரிக்காரர் என்று பார்த்தவுடனே தெரிகிற மாதிரி ஒரு பெரியவர் வந்தால் 'இன்னா, சொல்லு'. ரெண்டு பேருக்கும் அதே படிவம், அதே வட்டி. உங்க என்கிற மூணு எழுத்துக்குக் காசு செலவில்லை. ஆனாலும் அதைக் கொடுக்க மனசு வருவதில்லை. 1989-ஆம் வருசத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொது இடத்தில் சாதிப்பெயர் சொல்லித் திட்டுவதைக் குற்றம் என்கிறது. 2015-ல் திருத்தி அதை இன்னும் தெளிவாக எழுதினார்கள். அதனால் படித்தவன் உஷாராகிவிட்டான். சாதிப்பெயர் அவன் வாயில் வருவதே இல்லை. டா, டீ, ஆன், ஆனுங்க போதும். விகுதிக்கு எந்தச் செக்ஷனும் கிடையாது.

பேச்சுவார்த்தை என்று ஒரு கூட்டுச்சொல் இருக்கு, அதையும் விடக்கூடாது. திருவிழாவில் தகராறு, சுடுகாட்டுப் பாதையில் தகராறு என்றால் ஆர்.டி.ஓ. ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கும். ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். முடிவில் பார்த்தால் பேச்சு அவங்களுது, வார்த்தை நம்முது. இந்த வருசம் தேர் எங்க தெருவுக்கு வரவேண்டாம் என்று வார்த்தை கொடுத்துவிட்டு எழுந்து வரணும்.

நம்ம சிறுபத்திரிகைக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. தொண்ணூறுகளில் சொல்லாடல் என்று ஒரு சொல் வந்தது. எதைத் தொட்டாலும் சொல்லாடல். நல்ல சொல்தான், அதிகாரம் பேச்சுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தது. இப்போது அதன் இடத்தை உரையாடல் பிடித்துக்கொண்டது. தலித்துகளோடு உரையாட விரும்புகிறோம் என்று அழைப்பிதழ் வருகிறது. மண்டபம் அவர்களுடையது, தலைப்பு அவர்களுடையது, நேரம் நமக்குப் பதினைந்து நிமிசம். சேரியில் வந்து உட்கார்ந்து உரையாடலாமே என்றால் பார்க்கிங் வசதி இல்லை.

பேச வந்தவர்களுக்கு இந்த மண்ணிலேயே கிடைத்த பதில் ஒன்று உண்டு. 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் இந்த ஜில்லாவுப் பறையர் நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். நிலம் இல்லை, குடியிருக்கிற மனைகூட மிராசுதாரன் கையில், அதனால் வாயைத் திறக்க முடியவில்லை என்கிற நிலைமையைக் காகிதத்தில் ஏற்றின குறிப்பு அது. அதை ஒட்டி 1892-ல் அரசாணை வந்து, நமக்கென்று நிலம் ஒதுக்கினார்கள். அதுதான் பஞ்சமி நிலம். வேறே சாதிக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனை. எப்படி எப்படியோ கைமாறிப்போனது நமக்குத் தெரிந்த கதை. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்து மாமல்லபுரம் வரைக்கும் நிலத்துக்குத் தங்கத்தின் விலை வந்த பிறகு, எது பஞ்சமி என்று கேட்பதே குற்றம் மாதிரி ஆகிவிட்டது. மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் அந்த நிலத்துக்காகத் திரண்ட கூட்டத்தின்மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அப்போது எனக்கு நினைவு தெரியாத வயசு. வீட்டில் பெரியவர்கள் அதைச் சொல்லும்போது ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: 'பேசத்தானேடா போனாங்க.'

டிரமென்ஹீர் நமக்காகப் பேசினார், நிலம் வந்தது. நூறு வருசம் கழித்து நாமே பேசப் போனோம், குண்டு வந்தது. அவருடைய குறிப்புக்குப் பெயர் குறிப்பு. நம்முடையதற்குப் பெயர் கலவரம். வினைச்சொல்லை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்தவனை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு யோக்கியதை இல்லை. இந்தக் கடற்கரை ஓரம் இருளர் குடும்பங்கள் நிறைய. பாம்பு பிடித்தும் கூலிக்குப் போயும் பிழைக்கிறவர்கள். அவர்களில் ஒரு பெரியவரை நம்ம சேரிப் பையன் எப்படிக் கூப்பிடுகிறான் என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஆன், ஆனுங்க, டேய். நமக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணாரை எப்படிக் கூப்பிட்டோம்? வீட்டுக்குள் வந்தால் 'அவ சொன்னா'. அவங்க சொன்னாங்க என்று பெண்டாட்டியைச் சொல்கிற ஆம்பளையைக் கிண்டல் பண்ணுகிற திண்ணை நம்ம திண்ணைதான். மேலேயிருந்து நமக்கு விழுந்த விகுதியைக் கீழே தள்ளிவிட்டு, மேடையில் ஏறிப் பறைன்னா பேச்சு என்றால் எப்படி?

பறைந்தார் என்ற வினையை இனி நம் பத்திரிகையில் புழங்கலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு ஆட்சேபணை இல்லை. கவிதையில் நன்றாகவே இருக்கும். கட்டுரையில் 'சொன்னார்' போதும் என்பது என் கட்சி. நம்ம ஆயா சொன்னார். இருளர் தெருப் பெரியவர் சொன்னார். துப்புரவுத் தொழிலாளி சொன்னார், சர்வே எண்ணோடு. கதறினார் வேண்டாம், புலம்பினார் வேண்டாம். நம்ம இதழில் வருகிற செய்தியிலாவது இதை ஒரு பழக்கமாக வைக்கலாம்.

மனு எழுதுகிற தோழர்களுக்கும் ஒன்று. நம் பக்கத்து மனு எல்லாம் ஒரே மாதிரி ஆரம்பிக்கும்: சமூகத்திற்கு, தாழ்மையுடன் பணிந்து விண்ணப்பித்துக்கொள்வது. ஈ என்று கேட்ட காலத்து வாசகம். போன வருசம் எங்க ஊர்க்காரர்கள் நிலம் சம்பந்தமாக ஒரு மனு எழுதிக் கேட்டபோது முதல் வரியை நான் இப்படி வைத்தேன்: கீழே கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருக்கிற நாங்கள் சொல்கிறோம். ஆபீசில் வாங்கிப் படித்தவர் முதல் வரியை அடித்துவிட்டு, 'தாழ்மையுடன்னு போட்டு எடுத்தா' என்றார். கூட வந்திருந்த அறுபது வயசு அம்மா ஒருத்தர், 'எடுத்தாங்கன்னு சொல்லு' என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். அப்புறம் அவர் மனுவை வாங்கி முத்திரை குத்தி, எண் போட்டு ரசீது கொடுத்தார். எண்ணை அந்த அம்மா என் பேனாவை வாங்கிக் கையில் எழுதிக்கொண்டார்.